ஓட்டிக்கிட்டே சொல்லுங்க

மலைச்சரிவின் மேலே, சாலை முடிகிற இடத்தில் இருந்த அந்தப் பழைய வீட்டின் முன்னால் அவள் காரை நிறுத்தியபோது மணி நாலுதான். ஆனால் பனிமூட்டம் இறங்கி, பொழுது சாய்ந்தது மாதிரி இருட்டிக் கிடந்தது. இன்ஜினை அணைத்ததும் சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் நின்று நிதானமாகக் கேட்டது.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் மேற்பார்வையாளர். வயது நாற்பத்தாறு. அங்கே எல்லோருக்கும் அவள் வெறும் மேடம்தான். நடக்க முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே ஆள் போய் ரத்தம் எடுத்து வரும் ஏற்பாடு அந்தக் கூடத்தில் உண்டு. போகிறவர்கள் அவரவர் சொந்த வண்டியில் போக வேண்டும். அன்றைக்கு இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். மற்றவர்கள் வேறு பக்கம் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவளே தன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கிளம்பும் முன் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'சொந்த வாகனத்தில் பணிக்குச் செல்வோருக்கான விதிகள்' என்று தலைப்பு. மொத்தம் பதினொன்று. டயர் பார்த்தாயா, பிரேக் பார்த்தாயா, உள்ளே இருக்கும் அத்தனை பேரும் பெல்ட் போட்டிருக்கிறார்களா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வெடுப்பாயா, ஓட்டும்போது போனைத் தொட மாட்டாயா. மூன்று மாதத்துக்கு முன்னால் அவளே உட்கார்ந்து தட்டச்சு செய்தவைதான். டயர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதினொன்றுக்கும் டிக் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

கதவைத் திறந்தது நோயாளியின் மனைவி. "இந்தப் பனியில எப்படித்தான் வந்தீங்களோ, உள்ள வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

நோயாளி இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள், சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று. அறை முழுக்க மருந்து நெடி. அவள் ஸ்பிரிட் பஞ்சால் அவர் கையைத் துடைத்து, நரம்பைத் தடவிப் பிடித்து, ஊசியைச் செலுத்தினாள். பல வருஷம் கழித்து எடுத்தாலும் கை மறக்கவில்லை.

அவர் ஊசியைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவர் ஏன் உள்ள வரல?"

"யாரு, ஐயா?"

"கூட்டிட்டு வந்திருக்கீங்களே, நம்ம நத்தை."

ஊசியோடு அவள் கை அப்படியே நின்றது.

"மூணு மாசமா ஆளையே காணோம். வேற ஊருக்குத் தூக்கி அடிச்சிட்டாங்களோன்னு நெனச்சேன்" என்றார் நோயாளி.

மனைவி திரையை விலக்கிப் பார்த்தாள். "அட, ஆமா. முன் சீட்லதான் உட்கார்ந்திருக்காரு. கூப்பிடுங்களேன், சூடா ஏதாவது குடிச்சிட்டுப் போகட்டும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரால இறங்க முடியாது" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"உடம்புக்கு முடியலையா? அதான் தலையக் கவுத்துட்டு உட்கார்ந்திருக்காரா?"

அவள் ஊசியை உருவினாள்.

நத்தை என்பது கூடத்தில் இருந்தவர்கள் வைத்த பட்டப்பெயர். இருக்கிறவர்களிலேயே நெட்டையான மனிதர், ஓட்டுவதோ ஆமை வேகம். போன் அடித்தால், அவசரமே ஆனாலும், ஓரமாக நிறுத்தி, விளக்கைச் சிமிட்ட விட்டு, அப்புறம்தான் எடுப்பார். விதிகள் எல்லாம் தாளில் ஏறுவதற்கு முன்பே அவர் அப்படித்தான். அவர் வந்து சேர்வதற்குள் ரத்தம் கட்டி தட்டிப் போய்விடும் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நோயாளிகளிடம், "நத்தை வந்திருக்குன்னு சொல்லுங்க" என்று அவரே வாசலில் நின்று சொல்வாராம்.

மூன்று மாதத்துக்கு முன்னால், இதே சாலையின் மூன்றாவது வளைவில், எதிரே வந்த லாரியில் மோதிச் செத்துப்போனார்.

விசாரணை நடந்தது. அவர் கைபேசியில் ஐந்து தவறிய அழைப்புகள். ஆறாவதை எடுத்திருந்தார். எல்லாமே கூடத்திலிருந்து, அவள் மேஜை போனிலிருந்து போனவை. வழக்கமான அலுவலக அழைப்புதான், வண்டியை நிறுத்தியிருப்பார் என்று நினைத்தேன் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். ஓட்டும்போது போனை எடுத்த நத்தை மேல்தான் தப்பு என்று அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டுக் கோப்பை மூடினார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தப் பதினொரு விதிகள்.

அவள் வெளியே வந்தாள். கார் பனியில் மங்கலாகத் தெரிந்தது. முன் சீட்டில் யாரும் இல்லை. கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஸ்பிரிட் நெடி வந்தது. தன் கையில் இருக்கும் வாசனைதான் என்று சொல்லிக்கொண்டாள். ரத்தக் குழாய்கள் இருந்த குளிர்ப்பெட்டியைப் பின் சீட்டில் வைத்தாள். கைப்பையும் அங்கேதான் இருந்தது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

பத்தடி நகர்ந்திருக்கும். டிங், டிங், டிங் என்று எச்சரிக்கை ஒலி. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற ஒலி அது.

அவள் பக்கத்தில் பார்த்தாள். வெறும் சீட். ஆனால் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது.

டிங், டிங், டிங்.

ஏதோ கோளாறு, ஈரம் இறங்கியிருக்கும் என்று முணுமுணுத்தபடி கையை நீட்டி, அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள். இழுத்த பெல்ட் சீட்டின் முதுகோடு ஒட்டிப் படியவில்லை. ஒரு நெஞ்சின் மேல் படிந்தது போல முன்னால் வளைந்து நின்றது.

ஒலி நின்றது.

அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். முதல் வளைவு கடந்தது. மூடுபனியில் நாலடிக்கு அப்பால் சாலையே தெரியவில்லை. இரண்டாவது வளைவு நெருங்கும்போது கைபேசி அடித்தது. அது காரின் ஒலிபெருக்கியோடு இணைந்திருந்ததால் சத்தம் கார் முழுக்க அதிர்ந்தது. முன்னால் இருந்த திரையில் பெயர் வந்தது.

'கூடம். என் மேஜை.'

அவள் அறை பூட்டியிருந்தது. சாவி பின் சீட்டில், அவள் கைப்பையில்.

அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. வேகத்தைக் கூட்டினாள். எப்படியாவது கீழே இறங்கி, ஆள் நடமாட்டம் உள்ள தெருவுக்குப் போய்விட வேண்டும். மூன்று. நான்கு. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். ஐந்தாவதும் அடித்து ஓய்ந்தபோது முன்னால் மூன்றாவது வளைவு வந்துவிட்டது.

ஆறாவது அழைப்பு.

அவள் விரல்கூட அசையவில்லை. ஆனாலும் அழைப்பு இணைந்தது.

"எங்கேதான் இருக்கீங்க? எத்தனை தடவ கூப்பிடறது?"

ஒலிபெருக்கியில் வந்தது அவளுடைய குரல்தான்.

பதில் ஒலிபெருக்கியில் வரவில்லை. பக்கத்தில், அவள் தோளுக்குச் சற்று மேலே, மூச்சு படும் தூரத்தில் கேட்டது.

"வளைவுல இருக்கேன் மேடம். பனியா இருக்கு. ஒரு நிமிஷம், ஓரமா நிறுத்திட்டுப் பேசறேன்."

"நிறுத்த வேண்டாம். ஓட்டிக்கிட்டே சொல்லுங்க."

அவள் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள்.

கார் இழுத்துக்கொண்டு போய் ஓரத்துக் கல்லில் முட்டி நின்றது. அடுத்த நொடி, விளக்கே போடாமல் ஒரு லாரி வளைவைக் கடந்து, அவள் காரின் கண்ணாடியை உரசாத குறையாகப் போனது. பிரேக்கை மிதிக்காமல் போயிருந்தால் அவள் இருந்திருக்கும் இடத்தின் மேலேயே ஏறிப் போனது.

சத்தம் அடங்கியது. அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

பிறகு, பக்கத்தில், கிளிக் என்று ஒரு சின்ன சத்தம். பெல்ட் தானாகக் கழன்று மெதுவாக உள்ளே சுருண்டது. அமுங்கியிருந்த மெத்தை கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது.

கதவு திறக்கவே இல்லை.

விபத்து நடந்த அன்றைக்கு அவள் எதற்காக அவரைக் கூப்பிட்டாள் தெரியுமா? குளிர்ப்பெட்டிக்குள் வைக்க அவர் எடுத்துப் போன ஐஸ் பட்டைகள் நாலா, ஐந்தா என்று கேட்க. தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ கேட்டிருந்தார்கள், உடனே சொல்ல வேண்டும் என்றிருந்தது. அவர் "நாலு" என்று சொல்ல வாயெடுத்ததும், அதற்கப்புறம் வந்த சத்தமும் அவள் காதில் விழுந்தன. போனை மெதுவாக வைத்துவிட்டாள். "ஓட்டிக்கிட்டே சொல்லுங்க" என்ற வார்த்தையை விசாரணையில் யாரிடமும் அவள் சொல்லவில்லை.

காரை உருட்டிக்கொண்டு வந்து, குளிர்ப்பெட்டியைக் கூடத்தில் ஒப்படைத்தாள். திரும்பக் காரில் ஏற மனம் வரவில்லை. நடந்தே போனாள். நத்தையின் வீடு நாலு தெரு தள்ளி, அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது தளத்தில்.

அவர் மனைவி பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வந்தது யாரென்று தெரிந்ததும் முகம் இறுகியது. உட்காரச் சொல்லவில்லை. வந்தவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஐஸ் பட்டை வரைக்கும் சொன்னாள். காரில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

நத்தையின் மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு புகைப்படம், முகம் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டப்பட்டிருந்தது.

"என் பொண்ணு செஞ்ச வேலை. அப்பா மட்டும் அந்த போனை எடுக்காம இருந்திருந்தா நம்மகூட இருந்திருப்பாருன்னு, மூணு மாசமா அவர்மேல கோவம். நான் எவ்வளவு சொல்லியும் கேக்கல. உங்க ஆளுங்க போட்ட கடிதம் அப்படி."

"நான் மன்னிப்புக் கேக்க வரல" என்றாள் அவள். "கேக்கவும் வாயில்ல."

"கேட்டாலும் என்கிட்ட இல்ல. அவ உள்ளதான் இருக்கா. அவகிட்ட நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டுப் போயிடுங்க."

அவள் உள்ளே போனாள். பத்து வயதுப் பெண்ணிடம், அப்பாவை நிறுத்த விடாமல் செய்தது தான்தான் என்று சொல்வதற்குள் அவள் மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அப்பா நிறுத்தறேன்னு சொன்னாரா?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சொன்னாரும்மா."

மறுநாளே தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். கோப்பை மறுபடி திறந்தார்கள். பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்று வேறு கடிதம் அனுப்பினார்கள். மேற்பார்வையாளர் பதவி போயிற்று. வேலை மட்டும் மிஞ்சியது, வாசலுக்குப் பக்கத்தில் போன் எடுக்கிற மேஜையில். காரை விற்றுவிட்டுப் பேருந்தில் வந்து போக ஆரம்பித்தாள். யாரும் இப்போது அவளை மேடம் என்று கூப்பிடுவதில்லை. அதுவும் ஒரு விதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது.

விதித்தாளில் பன்னிரண்டாவதாக ஒன்று ஏறியது. வண்டியில் போயிருப்பவரை அலுவலகம் அழைக்கக் கூடாது. அவரே ஓரமாக நிறுத்திவிட்டு, அலுவலகத்தை அழைத்து என்ன ஏது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த அழைப்புகளை எடுப்பதுதான் அவள் வேலை.

வெளியே போகிறவர்கள் ஆறு பேர். சாயங்காலம் ஐந்து மணிவாக்கில், வேலை முடிந்ததும், ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவள் டிக் போடுவாள். ஆறும் முடிந்ததும் பேனாவை மூடுவாள். மற்றவர்கள் விளக்கை அணைத்துக்கொண்டு கிளம்புவார்கள். அவள் மட்டும் எழுந்திருக்க மாட்டாள்.

ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் போன் இன்னொரு தடவை அடிக்கும். எந்த எண்ணும் தெரியாது.

அவள் எடுப்பாள். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். அதற்குள்ளே, வண்டியின் விளக்கு சிமிட்டும் சத்தம், டிக், டிக், டிக் என்று நிதானமாக.

பிறகு ஒரு குரல், கொஞ்சமும் அவசரமில்லாமல்.

"ஓரமா நிறுத்திட்டேன் மேடம். இப்ப சொல்லுங்க."