கண்ணில் இரண்டாவது புள்ளி

அறையில் இருந்தது ஒரே ஒரு விளக்கு. ஆனால் எடுத்த படத்தை மடிக்கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, வைஷாலியின் கண்மணியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன.

ஒன்று சதுரம். அது கதவுப் பக்கம் அவளே நிறுத்திய ஃபிளாஷ். அதன் முகப்பில் வெள்ளைத் துணிப்பெட்டி மாட்டியிருந்ததால் கண்ணிலும் சதுரமாகவே விழுந்திருந்தது. இன்னொன்று சுவர்ப் பக்கம், கண்ணின் அடிவிளிம்பில், குண்டூசித் தலை அளவுக்கு இருந்தது. அந்தப் பக்கம் விளக்கே கிடையாது. கறுப்புத் துணி தொங்கும் சுவர்தான் இருந்தது. நாற்காலிக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கத்தான் இடம் இருக்கும்.

அவள் திரையைத் துடைத்தாள். புள்ளி போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. கீழே லிட்டில் இந்தியா முழுவதும் விடுமுறைக் கூட்டம். துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து வந்து இறங்கியவர்களின் பேச்சும், பூக்கடை மல்லிகை வாசமும், எங்கோ எண்ணெயில் பொரியும் ஏதோ ஒன்றின் வாசமும் மாடிப்படி வழியாக ஏறி வந்து, ஸ்டூடியோவின் கறுப்புத் திரையைத் தொட்டதும் நின்றுவிடும். திரைக்கு இந்தப் பக்கம் பகல் இல்லை. குளிர்சாதனத்தின் முனகலும் கேமராவின் சிவப்புக் கண்ணும்தான்.

ஏழு வருடங்களாக அவள் முன்கவுன்டரில் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் வைக்கும் வித்தையை, வீடு இருக்கும் செங்காங்கிலிருந்து வரும் ரயிலில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். நேற்று கபிலன் என்பவர் வந்தார். அக்கா சுதா இறந்துவிட்டாள், திங்கட்கிழமை கருமாதி, மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும் என்றார். அவரிடம் இருந்தது சுதாவின் வேலையிடத்து அடையாள அட்டைப் படம் மட்டும். கழுத்து வரைக்கும் முகம், அதற்குக் கீழே சீருடைக் காலர். "பட்டுப் புடவையில இருக்கணும் மிஸ். அவ ஆசையா வாங்கின புடவை, ஒரு தடவைதான் கட்டினா," என்று சொல்லி ஒரு பையைக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட வேலை ஸ்டூடியோவுக்குப் புதிதல்ல. வேறோர் உடம்புக்கு அதே மாதிரிப் புடவை கட்டி, பழைய முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறதோ அதே பக்கம் விளக்கு வைத்துப் படம் எடுத்து, பிறகு முகத்தை ஒட்டவேண்டும். வெளிச்சம் பொருந்தவில்லை என்றால் ஒட்டிய தலை தனியாகத் தெரியும். ஸ்டூடியோவை நடத்தும் ரஞ்சன் கல்யாண வேலையாகக் கிளம்பும்போது சொன்னார்: "இது மட்டும் சரியா வந்துச்சுன்னா, அடுத்த மாசத்துலேருந்து உள்ள ஷூட் எல்லாம் நீதான். வரலன்னா பாஸ்போர்ட் படத்துல காது தெரியலன்னு ஆளுங்கள மிரட்டிக்கிட்டு கவுன்டர்லயே இரு."

அதனால்தான் ஞாயிறன்றும் அவள் வந்திருந்தாள். அதனால்தான் அந்தப் புடவையை அவளே கட்டிக்கொண்டாள். புடவையில் அந்துருண்டை வாசமும், அதற்கடியில் யாரோ ஒருத்தியின் வியர்வையும் இருந்தன. மடிப்பு வைக்கக் குனிந்தபோது, துணி ஏற்கெனவே பழகிய கோடுகளில் தானாக விழுந்தது. அவளுக்கு ஊசி குத்த வேண்டிய வேலையே இருக்கவில்லை.

கண்ணில் தேவையில்லாத புள்ளி தெரிந்தால் அறையில் எதுவோ பளபளக்கிறது என்று அர்த்தம். அவள் எழுந்து தேடினாள். ஒப்பனைக் கண்ணாடியின் மேல் துண்டைப் போட்டாள். கைபேசியைக் கவிழ்த்தாள். மடிக்கணினியை மூடினாள். வளையலையும் கழற்றினாள். வந்து உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினாள். கேமரா பத்து நொடிகளை எண்ணத் தொடங்கியது. முதலில் நிதானமாக, கடைசியில் படபடவென்று. ஃபிளாஷ் வெடித்தது.

மடிக்கணினியைத் திறந்தாள். சதுரம் அங்கேயே இருந்தது. சுவர்ப் பக்கத்துப் புள்ளியும் இருந்தது. குண்டூசித் தலை இப்போது மிளகளவு ஆகியிருந்தது.

அவள் ரஞ்சனைக் கூப்பிட்டாள். பின்னால் நாதஸ்வரம் காதைக் கிழித்தது.

"என்னம்மா, விளக்கை உடைச்சுட்டியா?"

"இல்லண்ணே. கண்ணுல ரெண்டு புள்ளி வருது. ஒரு லைட்தான் வச்சிருக்கேன்."

"எதாச்சும் கண்ணாடி இருக்கும் லா. செவுத்துப் பக்கம் பாரு."

"பாத்துட்டேன். கறுப்புத் துணிதான் இருக்கு."

"சரி, கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கலாம். ஆமா, அந்த ஆளுயரப் பொம்மைக்குத்தானே புடவையக் கட்டியிருக்க?"

"நான்தான் கட்டியிருக்கேன். பொம்மைக்கு மூக்கு இல்லையே. மூக்கு நிழல் பாக்காம எப்படி விளக்கு வைக்கறது?"

நாதஸ்வரம் சற்றுத் தள்ளிப் போனது. பிறகு ரஞ்சன் கேட்டார், "நம்ம புடவைதானே? அலமாரியில இருக்கறது?"

"அவங்க குடுத்ததுதான்."

"கழட்டிடு வைஷாலி. நம்ம புடவையவே கட்டு. எப்பவும் அதானே செய்வோம்."

"ஏன்ணே?"

"ஏன்னு எனக்கும் தெரியாது. செய்யறதில்ல, அவ்வளவுதான். இரு, பொண்ணு வந்துட்டா."

அழைப்பு அறுந்தது.

கழற்றியிருக்கலாம். ஆனால் மணி மூன்றே முக்கால். கபிலன் ஐந்து மணிக்கு வருவார். அலமாரியில் இருந்த நீலப்புடவைக்கும் இந்த அரக்குப் பட்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவள் சுதாவின் படத்தைத் திரையின் ஒரு பக்கத்திலும் தன் படத்தை மறுபக்கத்திலும் வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் தன் தவறு புரிந்தது. சுதாவின் முகத்தில் வெளிச்சம் படத்தின் வலப்பக்கமிருந்து வந்தது. அவளோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே யோசித்து, தன் வலக்கைப் பக்கம் விளக்கை நிறுத்திவிட்டாள். படத்துக்கு அது இடப்பக்கம். எடுப்பவளும் உட்காருபவளும் ஒரே ஆளாக இருந்தால் வரும் குழப்பம். விளக்கு சுவர்ப் பக்கம் இருந்திருக்கவேண்டும். தாழ்வாக. கன்னத்துக்குக் கீழிருந்து மேல் நோக்கி.

அந்தப் புள்ளி இருந்த இடத்தில்.

குளிர்சாதனம் நின்று மீண்டும் ஓடத் தொடங்கியது. அவள் கறுப்புத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். சுண்ணாம்புச் சுவர். கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. துணியை விட்டாள். அது அசைந்து, நின்றது. நின்ற பிறகு இன்னொரு முறை அசைந்தது.

காற்றுதான், என்று சொல்லிக்கொண்டாள். இன்னொரு படம் எடுத்தாள். மூக்கின் நிழல் கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. அவளுடைய விளக்கு இருந்த பக்கமே நிழல் விழுந்திருந்தது. அப்படி விழவே முடியாது.

அவள் ஃபிளாஷின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அதற்குள் மங்கலாக எரிந்த சிறு பல்பும் பின்புறத்துப் பச்சை எழுத்துகளும் அணைந்தன. மடிக்கணினியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கறுப்பாக ஒரு படம் வரட்டும். முழுக் கறுப்பு. அது போதும். கேமராவில்தான் ஏதோ கோளாறு என்று ஆகிவிடும்.

ரிமோட்டை அழுத்தினாள்.

பீப். பீப். பீப்.

இருட்டு. தன் மூச்சு. அந்துருண்டை.

பீப். பீப்.

இடக்கன்னத்தில் ஒரு சூடு. எரியும் பல்பை யாரோ அருகில் பிடித்தது போல. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

கேமரா கிளிக் என்றது. எதுவும் வெடிக்கவில்லை. இருட்டு இருட்டாகவே இருந்தது.

மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் படம் வந்தது.

அரக்குப் புடவை. பாதி முகம் பொன்னாக ஒளிர்ந்தது. பாதி முகம் மை. கண்ணில் ஒரே ஒரு புள்ளி, கீழே, சுவர்ப் பக்கம். அவள் சுதாவின் முகத்தை எடுத்து அதன்மேல் மெல்லிசாகப் படரவிட்டாள். மூக்கின் நிழல்மேல் மூக்கின் நிழல் உட்கார்ந்தது. புருவத்தின் பள்ளம். உதட்டின் ஓரம். ஒரு கோடு கூட விலகவில்லை.

அழித்துவிடவேண்டும் என்று விரல் போனது. நின்றது. இதைவிடச் சரியாக ரஞ்சனே எடுக்கமுடியாது. இது போதும். அடுத்த மாதம் முதல் இந்த அறை அவளுடையது.

அவள் சேமித்தாள்.

வாசல் மணி அடித்தது. புடவையோடே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திரையை விலக்கி முன்கவுன்டருக்கு ஓடினாள். அங்கே தலைக்கு மேல் நான்கு டியூப் லைட்டுகள், கீழே தெருவின் சத்தம், மனிதர்கள். கபிலன் நின்றிருந்தார். திரையைப் பார்த்ததும் அவருடைய கண் கலங்கியது.

"அப்படியே அக்கா. ரொம்ப தேங்க்ஸ் மிஸ். எப்படி ஒட்டுனீங்கன்னே தெரியல."

வைஷாலி திரையைப் பார்த்தாள். மேலே படரவிட்ட சுதாவின் முகத்தை அவள் சேமிக்கும் முன்பே எடுத்துவிட்டிருந்தாள். அதில் இருந்தது வெறும் படம்.

"இன்னும் ஒட்டல சார்," என்றாள். "இது நான்."

கபிலன் சிரிக்கத் தொடங்கி, அவளை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஓர் அடி பின்னால் போனார். இன்னோர் அடி.

"உங்க மூஞ்சி... ஏன் ஒரு பக்கம் மட்டும்..."

கவுன்டர்க் கண்ணாடியில் அவள் தன்னைப் பார்த்தாள். நான்கு டியூப் லைட்டின் அடியில், முகத்தில் பாதி மையிருட்டு. மறுபாதி கீழிருந்து எரிந்தது. வலப்பக்கம் திரும்பினாள். வெளிச்சமும் கூடவே திரும்பியது. இடப்பக்கம். கூடவே வந்தது.

மறைக்கக் கையைத் தூக்கினாள். உள்ளங்கை சுட்டது. கன்னத்தில் அவளுடைய ஐந்து விரல்களின் நிழல் விழுந்தது.

அதன்மேல், மெதுவாக, இன்னொரு கையின் நிழல்.

அந்த விரல்கள் அவள் தாடையின் அடியில் போய் நின்றன. உட்கார்ந்திருப்பவரின் முகத்தை விளக்குக்கு நேராக்கும் படக்காரனைப் போல, மென்மையாக, அவளுடைய முகத்தைக் கபிலன் பக்கம் திருப்பின. கண்ணாடியில் அவளுடைய உதடுகள் அவளைக் கேட்காமல் விரிந்தன.

"தம்பி," என்றன.