மூன்றாவது சான்றாள்

“உங்க நிழலி உங்களைத் தெரியலங்குது டீச்சர்” என்றான் மாசானமுத்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நான் எதுத்தாப்லதான உக்காந்திருக்கேன்? உனக்குக் கண்ணு இல்லயா?”

“எனக்கு இருக்கு டீச்சர். சட்டத்துக்கு இல்லயே.”

ரெஜிலா டீச்சரின் வாய் இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. தலைக்குள் ஒரு நரம்பு அடைத்து நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவள். சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக, படியிறங்கும் கிழவரைப்போல நிதானமாகத்தான் வந்தன. வீடு திரும்பிய அன்று தம்பி வில்சன் தன் பேரைச் சொல்லி வீட்டுக் கதவைத் திறந்துவிட்டான். கணினியை யாரும் திறந்துவிட முடியவில்லை. “நான்தான், திற” என்றாள். திறக்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். “நீங்கள் ரெஜிலா இல்லை” என்று அது மரியாதையாகச் சொன்னது.

முகம், கைரேகை, கருவிழி எல்லாம் அரை நாளில் வார்த்தெடுக்கும் சாமான்களாகிப்போன பிறகு எந்தக் கணினியும் உடம்பை நம்புவதில்லை. இயல்பைத்தான் நம்புகிறது. ஒருவர் எந்தச் சொல்லில் தயங்குவார், எதற்குச் சீறுவார், எதை எழுதி எதை அழிப்பார் என்று வருடக்கணக்கில் கூட இருந்து பார்த்து, தனக்குள்ளேயே அவரைப்போல ஒன்றை வளர்த்துக்கொள்ளும். அதுதான் நிழலி. வாசலில் நிற்பவரின் பேச்சும் நிழலியின் பேச்சும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். நரம்பு அடைத்த பிறகு டீச்சர் தன் நிழலிக்கு ஒத்துப்போகவில்லை. அதனால்தான் பேரை மீட்டுத் தரும் தூத்துக்குடி மீட்பகத்தில், அங்கே வேலை பார்க்கும் மாசானமுத்து முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

“கணினி போனாப் போவுது. எனக்கு ஒரு கடிதம்தான் வேணும். அதை மட்டும் எடுத்துக் குடு, போயிருதேன்.”

மாசானமுத்து பார்த்தான். பூட்டின் வெளிப்பக்கத்தில், அனுப்பியவர் பெயரும் நாளும் மட்டும் தெரிந்தன. அக்சீலியா. ஆறு நாளாகிறது.

“மகளா டீச்சர்?”

“ம்.”

“அப்ப இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைதான் உங்களுக்கு நேரம். ஏழு நாளு பதில் இல்லன்னா நிழலியே எழுதி அனுப்பிரும். உங்க பேர்ல.”

“அதுக்காகத்தான்லே விழுந்தடிச்சு வந்தேன்!”

ஆறு வருடத்துக்கு முன்னால், புருஷன் செத்த அன்று, நார்வே பக்கம் கப்பலில் எஞ்சினியராக இருந்த மகளிடம் டீச்சர் தொலைபேசியில் பேசியதுதான் கடைசி. “எனக்கு மக இல்ல, இனிமே கூப்பிடாத” என்று சொல்லி வைத்தாள். மகளும் கூப்பிடவில்லை. இப்போது ஒரு கடிதம். அதற்கு ஒரு இயந்திரம் பதில் எழுதுவதா? அதுவும், மகள் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுந்த அந்தப் பழைய ரெஜிலாவைப் பார்த்துப் படித்த இயந்திரம்?

“மூணு சான்றாள் வேணும் டீச்சர். நீங்க அதிகமா யாருக்கு எழுதியிருக்கீங்களோ அவங்களை மிஷினே எடுத்துக் குடுக்கும். நீங்களும் நிழலியும் பேசுவீங்க. எது நிஜ ஆளுன்னு அவங்க சொல்லணும். ரெண்டு பேரு உங்களைச் சொன்னா உங்க பேரு உங்களுக்கு. ரெண்டு பேரு அதைச் சொன்னா…” முடிக்காமல் பட்டியலைப் படித்தான். “செண்பகவல்லி, தமிழ் டீச்சர். வில்சன், தம்பி. அக்சீலியா, மக.”

“அவ எப்படி வந்தா? ஆறு வருஷமா ஒத்த வரி எழுதலயே அவளுக்கு.”

“நீங்க அதிகமா எழுதினதே அவங்களுக்குத்தான். நானூத்திப் பதினேழு கடிதம் எழுதியிருக்கீங்க.”

“அனுப்பினனா?”

“அனுப்பல. எழுதி எழுதி அழிச்சிருக்கீங்க. மிஷினுக்கு எழுதினது எழுதினதுதான்.”

டீச்சர் சேலைத் தலைப்பால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டாள். வகுப்பில் பதில் தெரியாமல் நிற்கும் பிள்ளையின் முகம் அவளுக்கு வந்துவிட்டது.

வெளியே காத்திருப்போர் அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் தங்களைத் தாங்களே மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்துக் காட்டினார். பக்கத்தில் மனைவி, “இல்லங்க, கடைசியில ஒரு இருமல் வரும். அதை விட்டுட்டீங்க” என்று திருத்தினாள். அவர் மறுபடி சிரித்தார். இந்தத் தடவை இருமலும் வந்தது. அவள் தலையசைத்தாள். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பே இல்லை.

பேச்சறைக்குக் கூட்டிப்போகும்போது மாசானமுத்து குரலைத் தாழ்த்தினான்.

“ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோங்க. இங்க தோத்தவங்க எல்லாரும் குழைஞ்சதுலதான் தோத்தாங்க. கிடைக்கணுமேன்னு தேனா ஒழுகுவாங்க. சான்றாளு, இது எங்க ஆளே இல்லன்னுருவாங்க. நீங்க பழைய ரெஜிலா டீச்சராவே இருங்க. நானும் உங்ககிட்டப் படிச்சவன்தான். ஏழாப்பு சி. இந்தக் காது இன்னும் ஒரு பக்கம் நீளமா இருக்கு பாருங்க.”

“ஒழுங்காக் கணக்குப் போட்டிருந்தா நீண்டிருக்காது.”

“அப்படித்தான்! அதையே பேசுங்க.”

பேச்சறை என்பது ஒரு நாற்காலி, ஒரு பொத்தான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாசானமுத்து. அவ்வளவுதான். அவள் பேசுவதை ஒருகுரலி என்ற கருவி வாங்கி, இழுவையையும் நடுக்கத்தையும் சலித்தெடுத்து, அவளுடைய பழைய குரலிலேயே வெளியே விடும். நிழலியும் அதே குரலில்தான் பேசும். சான்றாள் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்.

செண்பகவல்லி டீச்சர் கேட்டாள்: “ஏ ரெஜிலா, நான் ஓய்வு பெறுத அன்னைக்குப் பாடுனேனே, எப்படி இருந்துச்சு?”

“பாட்டா அது? மைக்கைப் பிடுங்கினவனுக்கு நான் டீ வாங்கிக் குடுத்தேன்” என்றாள் டீச்சர்.

நிழலி, “நல்லாத்தான் இருந்துச்சு செண்பகம், நீ அழுதுட்டே பாடினதால சுருதி போச்சு” என்றது.

செண்பகவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். “முதல்ல பேசினதுதான் அவ. சாவுற வரைக்கும் அவ வாயி திருந்தாது.”

வில்சன் கேட்டது: “யக்கா, எனக்குப் பிடிச்ச குழம்பு எது?”

டீச்சருக்கு அது நினைவில் இருந்த இடமே வெறுமையாக இருந்தது. “நீ எதை வச்சாலும் திம்பே. இதுல பிடிச்சது என்ன, பிடிக்காதது என்ன” என்று சமாளித்தாள். நிழலி, “ஊளி மீனு, மாங்கா போட்டு” என்றது. வில்சன் தழுதழுத்துப்போனான். “அக்காவுக்கு ஞாபகம் இருக்கு பாரேன்! அதான் எங்க அக்கா.”

“அட முட்டாப்பயலே” என்றாள் டீச்சர். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

ஆளுக்கு ஒன்று. மணி நான்கு இருபது. மீதியிருந்தது மகள்.

“அம்மா” என்றது ஒலிபெருக்கி. ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். பின்னணியில் கப்பல் எஞ்சின் உறுமியது. “கேள்வி கேக்கணும்னு சொல்லுதாங்க. நான் கேட்டிருதேன். அப்பா அடக்கத்துக்கு நான் வரல. அதுக்கு இப்ப என்ன சொல்லுத?”

டீச்சர்தான் முதலில் பேசவேண்டும். கண்ணாடிக்கு அப்பால் மாசானமுத்து தன் காதைத் தானே பிடித்துத் திருகிக் காட்டினான். அவள் நெஞ்சுக்குள் வேறு என்னவெல்லாமோ முட்டியது. ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். நுழைந்து, அந்தக் கடிதத்தைப் படித்து, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கெஞ்சி எழுதிக்கொள்ளலாம். இந்த ஒரு தடவை மட்டும் பழையபடி.

“அன்னைக்குச் சொன்னதுதான் இன்னைக்கும். ரெண்டு நாளு ஐஸ் பெட்டியில வச்சிருந்தோம் உங்கப்பாவை. உனக்குக் கப்பல் பெருசாப் போச்சு. எனக்கு மக இல்ல.”

இழுவை இல்லாத குரல், கத்தி மாதிரி, அறை முழுக்க நின்றது. அந்தக் குரல் அடங்குமுன் அதே குரல் மறுபடி பேசியது.

“வரமுடியாதுன்னு எனக்குத் தெரியும்டி. பனிக்கடல்ல நிக்குத கப்பல்லேருந்து எப்படி வருவே? தெரிஞ்சேதான் சொன்னேன். அன்னைக்கு யாரையாவது ஏசலன்னா நானே விழுந்திருப்பேன். நீதான் கிடைச்சே. அப்பா கடைசியாப் போட்ட சட்டையை இன்னும் துவைக்கல அக்சி. நீ வந்தா ரெண்டு பேருமாத் துவைப்போம்னு வச்சிருக்கேன்.”

அந்தச் சட்டையைப்பற்றி டீச்சர் இன்றுவரை எந்த மனிதரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு மழை மத்தியானம் எழுதினாள். ஒருமுறை படித்துப் பார்த்தாள். அழித்தாள். அழித்த அந்தச் சொற்களைத்தான் அது ஒன்றுவிடாமல் பொறுக்கி வைத்திருந்தது. அவள் எரிந்து விழுந்ததை மட்டும் பார்த்து அது படிக்கவில்லை.

எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அக்சீலியா ஒருதரம் மூக்கை உறிஞ்சினாள்.

“ரெண்டாவது பேசினதுதான். அதுதான் எங்கம்மா.”

“நிச்சயமாச் சொல்லுதீங்களாம்மா?” என்றான் மாசானமுத்து. “நல்லா யோசிச்சுக்கோங்க.”

“எங்கம்மாவை எனக்குத் தெரியாதா?”

டீச்சருக்கு அந்த மூக்குறிஞ்சல் தெரியும். வாய்ப்பாடு படித்துவிட்டேன் என்று சொல்லுமுன், பாலைக் குடித்துவிட்டேன் என்று பொய் சொல்லுமுன், ஆறு வயதிலிருந்து அந்தப் பெண் இப்படித்தான் ஒருதரம் மூக்கை உறிஞ்சுவாள். எது தன் அம்மா என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் சொல்கிறாள்.

பொத்தானை அறைந்தாள். ஒருகுரலி ஏற்கெனவே அணைந்திருந்தது. “அக்சி! அது நான் எழுதினதுடி! நான்தான் எழுதி…” சொற்கள் இடப்பக்கமாகச் சரிந்து எச்சிலோடு வழிந்தன.

“யாரு அது?” மகளின் குரல் பதறியது. “பேச்சு ஏன் இப்படி இழுக்குது? அவங்களுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா. அவங்க உங்க அம்மா இல்லயே” என்றான் மாசானமுத்து.

அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்தார்கள். இணைப்பு போய்விட்டது.

கதவைத் திறந்து உள்ளே வந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையில் எதையோ குறித்தான்.

“பேரு?”

“ரெஜிலா.”

“அது எடுத்தாச்சு. வேற சொல்லுங்க.”

“லேய் மாசானம், காதுல என்ன… என்னைத் தெரியாதா உனக்கு?”

“எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தது ரெஜிலா டீச்சர்” என்றான் அவன், தாழ்ந்த குரலில், அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்து. “அவங்க வீட்ல இருக்காங்க. நீங்க பேரைச் சொன்னாத்தான் உங்களுக்கு ஒரு இடம் குடுக்க முடியும். வீட்டுக் கதவெல்லாம் பேரோடதான் போகும்.”

டீச்சர் என்ற சொல் அவன் வாயிலிருந்து உதிர்ந்துவிட்டிருந்தது. அவள் கொஞ்சநேரம் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஸ்டெல்லா என்று சொன்னாள்.

ஐந்து மணிக்கு அக்சீலியாவின் கடிதத்துக்குப் பதில் போயிற்று. ரெஜிலா எழுதியது என்றுதான் பதிவு.

மறுபெயர் விடுதியில் ஸ்டெல்லாவுக்கு ஒரு அறையும் ஒரு புதுக் கணினியும் கொடுத்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லாத, இன்னும் யாரையும் அறியாத கணினி. “பேசுங்கள், நீங்கள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்கிறேன்” என்றது. அதனிடம் முறைப்புக் காட்ட அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. மெதுவாகப் பேசினாள். புருஷனைப்பற்றிப் பேசினாள். மகளுக்கு முதல் பல் விழுந்த கதையைச் சொன்னாள். இழுத்து இழுத்து, நடுவில் நிறுத்தி, சில சமயம் அழுது. எட்டாம் நாள் காலை “நான்தான்” என்றதும் அது சட்டென்று திறந்துகொண்டது. ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஏதோ ஒன்று அவளை அவள் இருந்தபடியே நம்பியது.

அன்றே மகளுக்கு எழுதினாள். பழைய பேரைச் சொன்னால் கடிதம் போகாது. அதனால், உங்க அம்மாகூட வேலை பார்த்தவள் என்று தொடங்கினாள். நீ வராததில் ஒரு தப்பும் இல்லை, பெற்றவள் சொன்னதில்தான் தப்பு, அவள் அதைச் சொன்ன நிமிஷமே அவளுக்குத் தெரியும், அவள் வாய் ஒன்று சொல்லும் மனசு ஒன்று சொல்லும், நீ சாப்பிடுகிறாயா, குளிருக்குக் காலில் போட ஏதாவது வைத்திருக்கிறாயா என்றெல்லாம் எழுதினாள். இந்தத் தடவை படித்துப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது.

“ஸ்டெல்லா ஆன்ட்டி, லீவு கிடைச்சு ஊருக்கு வந்துட்டேன். எங்க வீட்லதான் இருக்கேன். நானும் அம்மாவும் ராத்திரி பகலாப் பேசிட்டே இருக்கோம். ஆறு வருஷப் பேச்சு பாக்கி இருக்குல்ல. நேத்து அப்பா சட்டையைத் துவைச்சேன். எவ்வளவு சோப்பு போடணும்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க. நீங்க எழுதினதை அம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு இன்னொரு தரம் படிக்கச் சொன்னாங்க. அப்புறம், இந்த ஸ்டெல்லாவை எனக்கு ஞாபகம் இல்லயேன்னாங்க. எனக்கு மட்டும் என்னமோ ரொம்பப் பழகினவங்க மாதிரி இருக்கு ஆன்ட்டி. நீங்க பேசுறது அப்படியே எங்கம்மா பேசுற மாதிரியே இருக்கு. நான் போறதுக்குள்ள ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. நான் கடைக்குப் போயிருந்தாலும் வெளியே நிக்காதீங்க. பேரைச் சொல்லுங்க, அம்மா கதவைத் திறப்பாங்க.”