பதினோரு கண்ணி வட்டம்

ஏப்ரல் மழை. கிர்கிஸ்தானின் கராகோல் நகரச் சந்தையிலிருந்து கிளம்பிய மினி பஸ்ஸில் பெர்மெத் முண்டியடித்து ஏறியபோது, தலைமுடி நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நிற்கத்தான் இடம். ஜன்னலோரம் இருந்தவன் எழுந்திருக்கப் பார்த்தான். இடது காலில் மாவுக்கட்டு.

"ஐயோ, உட்காருங்க!"

"அப்ப பையையாவது குடுங்க."

நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்வது ஊர் வழக்கம். கொடுத்தாள். பை வாய் திறந்திருந்தது. அவன் எட்டிப் பார்த்துவிட்டான்.

"குரோஷா சதுரமா? கம்பளிக்கா?"

"ம்."

"நடுவுல வட்டம் கொஞ்சம் தூக்குதே... குழந்தைக்குப் போத்தவா, தலையில கவுக்கவா?"

சுள்ளென்று ஏறியது அவளுக்கு. எட்டாம் வகுப்புக்கு வடிவியல் நடத்துகிறவள். வட்டத்தையும் சதுரத்தையும் பற்றி அவளிடமே!

"நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா? ஏற்கெனவே ஒரு கிழவி என் உயிரை வாங்குது!"

"கிழவியா?"

கொட்டித் தீர்த்தாள். நூலகத்தில் சனிக்கிழமைதோறும் முப்பது பெண்கள் கூடுகிறார்கள். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்காக, குரோஷா ஊசியால் சதுரத்துக்குள் வட்டம் வைத்துப் பின்னுகிறார்கள். எல்லாச் சதுரங்களையும் யாரோ ஒருத்தர் வீட்டிலிருந்தபடியே இணைத்துக் கம்பளியாக்குகிறார். அந்த ஒருத்தர்தான் பெர்மெத்தின் ஆறு சதுரங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார், ஒரு துண்டுச் சீட்டோடு.

"'முதல் சுற்றில் பன்னிரண்டு கண்ணி வேண்டும். பதினொன்றுதான் இருக்கிறது. அவிழ்க்கவும்.' அவிழ்க்கவுமாம்! பல்லு போன கிழவியாத்தான் இருக்கும். ஒரு நல்ல வார்த்தை கிடையாது."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. மறுபடி அவளைப் பார்த்தபோது அந்தக் கண்கள்... மழையில் நனைந்த கருந்திராட்சை மாதிரி...

"எதுக்கும் எண்ணிப் பாருங்களேன்," என்றான். "கிழவி சொன்னது சரியா இருந்துட்டா?"

வீட்டுக்குப் போய் நடுவட்டத்தின் நூல் கண்ணிகளை எண்ணினாள். பதினொன்று. ஆறிலும் பதினொன்று! ஆரம்பத்தில் போடும் சங்கிலிக் கண்ணியை இரண்டு தடவை கணக்கில் சேர்த்திருக்கிறாள். அதைவிட எரிச்சல்... எண்ணும்போதெல்லாம் அந்தக் கண்கள் குறுக்கே வந்ததுதான்.

ஆறையும் அவிழ்த்துப் பின்னி நூலகத்தில் கொடுத்தாள். அடுத்த செவ்வாயும் அதே பஸ். அவன் பெயர் குபாத். ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ஜனவரிப் பனியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டவன். செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறான். பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தான்.

மூன்றாவது செவ்வாய், கட்டுப் பிரித்துக் கைத்தடியோடு வந்தான். அன்று என்னவோ, பெர்மெத் யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். போன வருஷம் நிச்சயம் வரை வந்த சம்பந்தம் நின்றுபோனது. "டீச்சருக்கு எதையும் அளந்து பார்க்கிற புத்தி" என்றார்களாம் மாப்பிள்ளை வீட்டில்.

"அதுலேருந்து ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னாடி மூணு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பார்க்கறேன். சரியா, தப்பான்னு..."

"இப்பப் பேசினதையுமா?"

அவள் யோசித்தாள். "இல்ல... இதைச் சொல்லிப் பார்க்கல."

இருவருமே மழையைப் பார்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை நூலகத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கைத்தடி. பெரிய மூட்டை. குபாத்!

"வாப்பா வா!" என்று எழுந்தாள் குழுத் தலைவி ராக்கியா அக்கா. "நம்ம சதுரத்தையெல்லாம் இணைக்கிறது யாருன்னு கேப்பீங்களே, இவன்தான். என் பக்கத்து வீடு. கால்தானே உடைஞ்சிருக்கு, கை சும்மாத்தானே கிடக்குன்னு ஊசியைத் திணிச்சேன்!"

கம்பளி மேஜைமேல் விரிந்தது. கூட்டம் மொய்த்தது.

பெர்மெத் எப்போதும் ஜோடியாகத்தான் போடுவாள். வெள்ளைக்குள் சிவப்பு வட்டம் ஒன்று, சிவப்புக்குள் வெள்ளை வட்டம் ஒன்று. இரண்டு நிறக் கம்பளி ஃபெல்ட் துணிகளைச் சேர்த்து வெட்டி, நடுவை மாற்றிப் பொருத்தித் தரைவிரிப்புச் செய்யும் அம்மாவிடம் பார்த்துப் பழகியது.

தோழி சினாராதான் முதலில் கண்டுபிடித்தாள். "அடியே, இங்க பாருங்கடி! நம்மளோடதையெல்லாம் கண்டபடி கலந்துட்டு, பெர்மெத்தோடத மட்டும் ஜோடி பிரிக்காம வச்சிருக்காரு மனுஷன்!"

சிரிப்பு ஜன்னலை அதிர வைத்தது.

பெர்மெத்துக்குக் காது கொதித்தது. பல்லு போன கிழவி... குலுங்கிய தோள்... நின்றுபோன சம்பந்தம்... எல்லாவற்றையும் இவனிடமேவா!

"பெர்மெத், சொல்லணும்னுதான் இன்னிக்கு நேர்லயே..."

"மூணு வாரமா சிரிச்சது போதும்." குடையைக்கூட எடுக்காமல் வெளியேறினாள்.

அடுத்த செவ்வாய் பஸ்ஸில் அவன் இல்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

புதன்கிழமை பள்ளி வாசலில் ராக்கியா அக்கா ஒரு மூட்டையோடு நின்றாள். "குபாத்துக்குக் கால் சரியாயிடுச்சு. சனிக்கிழமையிலேருந்து மலைக் கணவாய்ப் பக்கம் டியூட்டி. மறுபடி பனி விழற வரைக்கும் அங்கதான். இனிமே நீ இணைக்கணுமாம். திங்கக்கிழமை ஒரு குழந்தைக்குக் கம்பளி வேணும். அப்புறம்... நடுவுல நான் பேசக் கூடாது. ஆனா அவன் சாப்பிடறதே இல்லடி."

மூட்டையிலிருந்த முப்பத்தைந்து சதுரங்களையும் தரையில் பரப்பினாள். ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு. ஒரு சதுரம் விரலளவு குறைந்தாலும் வரிசையே கோணிவிடும். அப்போதுதான் கவனித்தாள். குறைந்த சதுரங்களுக்கெல்லாம் ஓரத்தில் ஒரு சுற்று கூடுதலாகப் போட்டிருந்தது. தூக்கலாக இருந்தவற்றை நனைத்து, தட்டையாக இழுத்து ஊசி குத்திக் காயவைத்த தடம். அவன் கைவேலை. யாருக்கும் சீட்டு எழுதாமல், யாரையும் அவிழ்க்கச் சொல்லாமல், அவனே சரிசெய்திருக்கிறான்.

அப்படியென்றால் அவளுக்கு மட்டும் ஏன்?

சனிக்கிழமை பகலில், முக்கால்வாசி இணைத்த கம்பளியோடு ஆம்புலன்ஸ் நிலையத்தில் நின்றாள். குபாத் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் குழாயை மூட மறந்தான். தண்ணீர் அவன் பூட்ஸுக்குள்ளேயே ஓடியது.

"எல்லாரோடதையும் நீங்களே சரி பண்ணியிருக்கீங்க. என்னோடத மட்டும் ஏன் திருப்பி அனுப்பினீங்க?"

"மத்தவங்க ஒவ்வொரு சதுரத்துலயும் ஒவ்வொரு தப்பு. உங்க ஆறுலயும் ஒரே இடத்துல ஒரே தப்பு." தலையைச் சொறிந்தான். "இவ்வளவு ஒழுங்கா யாரு தப்பு பண்றாங்கன்னு... தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு."

சிரிப்பு வந்தது. கூடாதென்று உதட்டைக் கடித்தாள். "பஸ்ல அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அடுத்த வாரம் என் பக்கத்துல உட்கார்ந்திருப்பீங்களா?"

உட்கார்ந்திருக்க மாட்டாள்.

"நீங்க சொன்ன எதுக்கும் நான் சிரிக்கல, பெர்மெத். கிழவிக்கு மட்டும்தான் சிரிச்சேன்."

அவள் கம்பளியை வண்டிக்குள் ஸ்ட்ரெச்சர்மேல் விரித்தாள். "ஒரு நீள வரிசை பாக்கி. தனியா முடியல."

ஊசி எடுத்தான். அவள் இந்த முனையிலிருந்து, அவன் அந்த முனையிலிருந்து. நூல் இழுபடும் சத்தம் மட்டும். சதுரம் சதுரமாக இடைவெளி குறைந்தது. கடைசியில் நடுவில், சதுரங்கள் சந்திக்கும் ஒரே ஒரு மூலை. நான்கு கைகளுக்கு அங்கே இடமில்லை.

வெளியே, கணவாய்க்குப் போகும் வண்டியின் ஹாரன். "குபாத்! கிளம்பலாமா?"

அவன் விரல் ஊசியிலேயே நின்றது. பெர்மெத் இந்த முறை எதையும் மனசுக்குள் சொல்லிப் பார்க்கவில்லை.

"பனி விழற வரைக்கும் நான் காத்திருப்பேன். ஆனா சொல்லாம காத்திருக்க முடியாது... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள் நனைந்திருந்தன. இந்தத் தடவை சிரிப்பை அடக்கியதால் இல்லை.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு," என்றான். "மூணு மணி நேரத்துல இங்க வந்துடலாம்."

"வாராவாரமா?"

"வாராவாரம். பெர்மெத்... உங்க அம்மாகிட்ட வந்து பேசட்டுமா?"

ஹாரன் மறுபடி அலறியது.

"இருங்கண்ணா!" என்று பெர்மெத்தே வெளியே எட்டிக் கத்தினாள். "இன்னும் ஒரு மூலை பாக்கியிருக்கு!" பிறகு அவன் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"நாளைக்கே வாங்க."