வீடு என்று குறித்த புள்ளி

முதலில் பார்த்த தூரம் பதினொன்றா பன்னிரண்டா என்று சத்யபிரியாவுக்கு இப்போது நிச்சயமில்லை. எதைத்தான் சரியாக நினைவு வைத்திருக்கிறாள்? நாகல்நகர் வீட்டின் சமையலறையில்தான் நின்றிருந்தாள். கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியோ, 'வீடு' அத்தனை கிலோமீட்டர் தள்ளி, சிறுமலைப் பக்கம் இருப்பதாகக் காட்டியது.

மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டப் போன அவள் கணவன் ஜெரோம், ஐப்பசி மழையில் திரும்பவில்லை. தேடியவர்கள் கைவிட்டார்கள். தை மாதம், மிளகு பறிக்கப் போனவர்கள் கையில் கிடைத்தது இந்தக் கருவி மட்டும். அடக்கம் செய்ய ஓர் எலும்பாவது வேண்டும். அவளுக்கு மிச்சமிருந்த ஆசை அதுதான்.

முன்பு இதே சமையலறையில் நின்றுதான் ஜெரோம் சொல்லிக்கொடுத்தான்.

"நிக்கிற எடத்தக் குறிச்சா அது புள்ளி. அம்பு, தெச. கீழ இருக்கது நேர்கோட்டுத் தூரம். பள்ளம் மேடெல்லாம் அதுக்குத் தெரியாது. மார்க்கெட்டுக்குப் போனாலே வழி மறக்குற ஆளு நீ, இத மட்டும் மறந்துறாத. குறிச்ச புள்ளி நகராது. நாமதான் நகருவோம்."

அன்று 'வீடு' என்று இங்கேதான் குறித்தான். கடைசியாக விழுந்த இடத்தில் அதை மாற்றிக் குறித்திருப்பானோ?

மறுநாள் கொழுந்தன் ஸ்தனிஸ்லாஸின் பைக்கில் மலைக்குப் போனாள். வாழைத் தோட்டங்கள் முடிந்து, அழுகிய இலையும் ஈர மண்ணும் மணக்கும் காட்டுக்குள், சருகில் தங்கள் காலடி தவிர வேறு ஓசை இல்லாத ஒற்றையடிப் பாதையில், அம்பு காட்டிய பக்கம் நடந்தார்கள். முந்நூறு மீட்டர். தொண்ணூறு. மூன்று.

வெறும் சருகு.

அவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே எண் ஏறியது. எட்டு. இருபது. அம்பு மெதுவாக வந்த வழிக்குத் திரும்பியது.

"சிக்னல் போயிருச்சு மதினி. மரத்தடியில வானம் தெரியாட்டி இப்படித்தான் துள்ளும்."

"துள்ளல தம்பி. நடக்குது."

கொண்டை ஊசி வளைவுகளில் பைக் சுற்றிச் சுற்றி இறங்கியது. திரையில் அந்தப் புள்ளி நேராக இறங்கியது.

வீட்டுப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள். அழுகிய இலை வாடை.

மூன்று மீட்டர். அம்பு அவளுக்குப் பின்னால் காட்டியது.

திரும்பினாள். யாருமில்லை. அம்பும் திரும்பியது. பின்னால்.

மறுபடி திரும்பினாள்.

பின்னால்.

"ஏங்க?" என்றாள்.

ஸ்தனிஸ்லாஸ் திருப்பூருக்குப் போய்விட்டான்; அதன்பின் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஜெரோமின் உடல் கிடைக்கவில்லை. சத்யபிரியா அங்கேயே இருக்கிறாள். போய்விடுவானோ என்று, திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கருவியின் பேட்டரியைக் கழற்றி வெகுநாளாயிற்று. திரை இன்னும் எரிகிறது.

வீடு. ஒரு மீட்டர்.