சுத்தமான ஸ்லைடு

படத்தின் கீழ் ஓரத்தில் இருந்த எண் மூன்றா எட்டா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அளவைக் காட்டும் சின்னக் கோடு, அதன் கீழே ஓர் எண். ஆறு வாரமாக அதைப் படித்துக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்திருந்தாள். இன்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தபோதுதான், படிக்கவில்லை, இத்தனை நாளும் ஊகித்துக்கொண்டிருந்தோம் என்று சுரீரென்று உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரையைத் துடைத்தாள். எண்ணின் ஓரங்கள் ஈரத்தாளில் பட்ட மைபோல ஊறிக் கிடந்தன.

தோல் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், பகலிலும் திரைச்சீலை இழுத்துவிட்ட ஓர் அறை அவளுடையது. நோயாளிகளின் தோலிலிருந்து சுரண்டி எடுத்த துகளைக் கீழ்த்தளத்தில் கண்ணாடி ஸ்லைடில் பரப்பி ஸ்கேன் செய்வார்கள். படம் அவள் திரைக்கு வரும். பூஞ்சையா, பூச்சியா, ஒன்றுமில்லையா என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் இடப்பக்கத்தில் ஒப்பீட்டுக்கென்று ஒரு படம் நிற்கும், நோயில்லாத தோல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்கு நினைவூட்ட. ஸ்கேனர் வந்த அன்று யாருடைய தோலைச் சுரண்டுவது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, அவள்தான் கையை நீட்டினாள். "என் தோலை எடுத்துக்கோங்க. பரு கூட வந்ததில்ல" என்றாள். அன்றிலிருந்து அவள் முன்கையின் ஒரு கடுகளவுதான் அந்த மருத்துவமனையில் சுத்தத்துக்கு இலக்கணம்.

ஸ்கேனரும் புதுக் கணினியும் பெரிய மானிட்டரும் வந்த இந்த ஆறு வாரத்தில் அவள் எழுதிய அறிக்கைகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றும் காணப்படவில்லை. ஒன்றும் காணப்படவில்லை. அதில் ஒன்று அக்காவுடையது.

கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒரு பெட்டியோடு வந்து இவளோடு தங்கியிருக்கிறாள் அக்கா. ஒரே கட்டில், ஒரே போர்வை. வந்த பத்தாம் நாள் கையில் அரிப்பு தொடங்கியது. தோலுக்கு அடியில் ஏதோ ஊர்கிறது என்று இரவெல்லாம் சீப்பை வைத்து வரட்டு வரட்டென்று சொறிவாள். இவளே அழைத்து வந்து ஸ்லைடு எடுக்கவைத்து, இவளே பார்த்து, இவளே கையெழுத்துப் போட்டாள். அந்த அறிக்கையைப் படித்த டாக்டர், இது தோலில் இல்லை மனத்தில் என்று சொல்லி மாத்திரை எழுதினார். அந்த மாத்திரை அக்காவை நாள் முழுக்கத் தூங்கவைத்தது. இன்று ஐந்து மணிக்கு அக்கா மறுபடி வருகிறாள். மாத்திரையின் அளவைக் கூட்டப்போகிறார்கள்.

அந்த எண் எட்டா? மூன்றா?

அவள் கணினிக்காரரைப் போனில் கூப்பிட்டாள். எதைச் சொன்னாலும் முதலில் ஒரே பதிலைச் சொல்வதால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் ரீஸ்டார்ட்.

"அண்ணா, திரை மங்கலா இருக்கு."

"ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

"ரெண்டு தடவை பண்ணிட்டேன்."

"சரி, விடுங்க. செட்டிங்ஸ்ல ரெசல்யூஷன் என்ன காட்டுது?"

"ஆயிரத்து இருபத்து நாலு, எழுநூத்து அறுபத்தெட்டு. பட்டியல்ல அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல."

"சிஸ்டர், அது குறுக்கால கிட்டத்தட்ட நாலாயிரம் புள்ளி காட்டுற மானிட்டர். யானையை வாங்கி எலிப்பொறியில கட்டியிருக்கீங்களே. கேபிளை யார் மாட்டினது?"

"நான்தான்."

"அதானே பார்த்தேன்."

அவளுக்குக் காது சுட்டது. பெட்டியோடு வந்த புதுக் கேபிள் சும்மா செருகினால் போதும் என்ற ரகம். தொட்டால் கழன்றுவிடும்போல் இருந்தது. பழைய நீலத்தலைக் கேபிளில் இரண்டு பக்கமும் திருகு உண்டு. திருகு உள்ளதுதான் நிற்கும் என்று அதையே மாட்டினாள். மானிட்டரில் அதற்கு வழியில்லாததால், நடுவே மாற்றித் தரும் ஒரு சின்னக் கறுப்புத் துண்டையும் அலமாரியிலிருந்து தேடி எடுத்துப் போட்டாள். படம் வந்தது. படம் வந்தால் போதாதா?

"அந்த நடுத்துண்டை முதல்ல பிடுங்கிப் போடுங்க. மானிட்டர் யாருன்னே கணினிக்கு அது சொல்லியிருக்காது. பின்னால கீழ, படுக்கவாட்டில, படத்துக்குன்னே தனியா ஒரு கார்டு இருக்கும் பாருங்க, அதுல மாட்டுங்க புதுக் கேபிளை. மேல இருக்கிறதுல இல்ல."

மேசைக்கு அடியில் மண்டியிட்டாள். அங்கே காற்று வேறாக இருந்தது; வெதுவெதுப்பாக, மூடிவைத்த காலணிக்குள் இருப்பதுபோல ஒரு வாடை. பெட்டியின் பின்பக்கத்து மின்விசிறியில் சாம்பல் நிறத்தில் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. தோல் மருத்துவமனையில் தூசி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்: உதிர்ந்த தோல். மூச்சை அடக்கிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். பழைய கேபிளின் ரப்பர் கசிந்து பிசுபிசுத்தது. விரலை எடுத்தபோது நூல்போல இழுத்துக்கொண்டு வந்தது. நடுத்துண்டு சூடாக இருந்தது, அக்குளில் வைத்து எடுத்ததுபோல. திருகைக் கழற்றி இழுத்ததும் சளக்கென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. உலோகம் உலோகத்தைவிட்டுப் பிரியும் சத்தமாக அது இல்லை. புடவையில் விரலைத் துடைத்தாள். பிசுக்கு போகவில்லை.

கீழே இருந்த கார்டில் பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றப்படாமல் இருந்தது. கழற்றினாள். புதுக் கேபிள் திருகில்லாமலேயே கெட்டியாக உட்கார்ந்தது.

திரை கறுத்து, மீண்டு வந்தது. பட்டியலில் இப்போது ஒரு புது வரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. அதைத் தேர்ந்தெடுத்தாள். அளவுக்கோட்டின் கீழே இருந்த எண் எட்டு.

அவள் அக்காவின் படத்தைத் திறந்தாள்.

முன்பு வெறும் செதில்களாகத் தெரிந்த இடத்தில், செதில்களுக்கு இடையே இழைகள் இருந்தன. மெல்லிய, வெளிறிய இழைகள். துணிநூலாக இருக்கலாம், பஞ்சாக இருக்கலாம். பெரிதாக்கிப் பார்த்தாள், அந்த மென்பொருளில் அது பயன்படாது, திரைக்கென்று சுருக்கிய படத்தையேதான் இழுத்துக் காட்டும். இழைகள் தடித்து மங்கின. ஆனால் அவை ஒரே பக்கமாகப் படிந்திருந்தது மட்டும் தெரிந்தது. சீவிவிட்டதுபோல.

"அண்ணா, பாதிதான் தெளிஞ்சிருக்கு."

"கார்டுக்கு டிரைவர் போடல, அதை இயக்குற மென்பொருள். கணினி பொதுவா ஒண்ணை வச்சு ஓட்டிட்டிருக்கு. அவன் ரெண்டாவது கியருக்கு மேல போகமாட்டான். லிங்க் அனுப்புறேன், நீங்களே போட்டுடலாம். நடுவுல திரை கறுப்பாகும், பயந்துடாதீங்க."

அவர் போனை வைத்துவிட்டார். பதிவிறக்கம் நகர்ந்தது. பத்து விழுக்காடு. பதினைந்து. போன் அடித்தது. அக்கா.

"என்னடி பண்றே? நான் கிளம்பிட்டேன்."

"அஞ்சு மணிக்குத்தானேக்கா?"

"வீட்ல என்ன பண்றது? தூங்கித் தூங்கி முதுகே பாயாயிடுச்சு. ஏய், ஒரு நல்ல சேதி. அரிப்பு நின்னுபோச்சுடி."

"எப்ப?"

"காலைல எந்திரிச்சா சுத்தமா இல்ல. எல்லாம் உள்ள போய்ப் படுத்துட்ட மாதிரி ஒரு நிம்மதி." அக்கா சிரித்தாள். "பைத்தியம் தெளிஞ்சுடுச்சுன்னு உன் டாக்டர்கிட்டச் சொல்லு."

அவள் பதில் சொல்வதற்குள் திரை கறுத்தது.

நெடுநேரம் கறுப்பாகவே இருந்தது. அறையில் வேறு வெளிச்சம் இல்லை. மேசைக்கு அடியில் மின்விசிறி வேகம் பிடித்தது. அந்த வெதுவெதுப்பான காற்று அவள் கணுக்காலை நக்கியது. பிறகு வந்தது திரை. எழுத்தெல்லாம் எறும்பளவுக்குச் சிறுத்து, ஊசியால் கீறியதுபோல அத்தனை கூர்மையாக.

அக்காவின் படம் திறந்தபடியே இருந்தது.

இழைகளுக்கு முனை இருந்தது. முனை ஒவ்வொன்றிலும் ஒரு சிறு குழி. குழியின் ஓரம் சுருங்கி, ஈரமாக, பால் குடித்துவிட்டு மூடாத வாய்போல. நூறு அல்ல. ஆயிரம். செதில்களைப் பற்றிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று நெளிந்து, சில தடித்து, சில அப்போதுதான் பிளந்து இரண்டாகிக்கொண்டு. வாயைப் பொத்தினாள். பொத்திய விரலில் இன்னும் அந்தப் பிசுக்கு.

இது அசையும் படம் அல்ல. மூன்று வாரத்துக்கு முன் எடுத்த படம். ஆனால் சற்றுமுன் எல்லாம் வலப்பக்கமாகச் சீவிவிட்டதுபோல் இருந்தனவே? இப்போது முனைகள் எல்லாம் மேல்நோக்கி இருந்தன. அவளை நோக்கி.

அக்கா சொன்னது பொய்யில்லை. அக்காவுக்குப் பைத்தியமில்லை. மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்து, இவற்றுக்குப் படுக்கை விரித்துக் கொடுத்தது இவளுடைய கையெழுத்து.

அறிக்கையைத் திறந்தாள். 'ஒன்றும் காணப்படவில்லை' என்பதை அழித்தாள். 'காணப்பட்டது' என்று தட்டினாள். என்ன காணப்பட்டது? பெயர் தெரியவில்லை. அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. வேறு நோயாளியின் படம் ஒன்றைத் திறந்தாள். அதிலும். இன்னொன்று. அதிலும். ஒரு குழந்தையினுடையது. அதிலும்.

ஸ்கேனரின் கோளாறாக இருக்கலாம். லென்ஸில் அழுக்கு. அப்படித்தான் இருக்கவேண்டும். லென்ஸ் என்றால் எல்லாப் படத்திலும் இருக்கும், ஒப்பீட்டுப் படத்திலும் இருக்கும். ஆறு வாரமாக இடப்பக்கத்தில் நின்றுகொண்டே இருந்து, பழக்கத்தில் அவள் பார்ப்பதையே விட்டுவிட்ட படம். அவளுடைய தோல். அதை முழுத்திரைக்கு விரித்தாள்.

வெள்ளை.

எங்கும் வெள்ளை. ஓர் இழைகூட இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, நாற்காலியில் சாய்ந்தாள். மற்றவற்றில் செதில் பழுப்பு, இழை வெள்ளை. இங்கே வெறும் வெள்ளை, வழுவழுவென்று, ஒரே சீராக.

செதில் எங்கே?

தோலைச் சுரண்டினால் செதில் இருக்கவேண்டும். அவள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். இன்னும் பக்கத்தில். வெள்ளையில் மிக மெல்லிய கோடுகள். நெருக்கமாக. பாய் பின்னியதுபோல.

இழைகள். இடைவெளியே இல்லாமல். தோல் என்று அங்கே எதுவும் மிச்சமில்லை.

எல்லா ஸ்லைடையும் இதோடுதான் ஒப்பிட்டிருந்தாள். எல்லாவற்றிலும் தெரிந்த வெளுப்பு இதிலும் இருந்தது. அதனால் எல்லாம் சுத்தம்.

போன வருடம் அவளுக்கும் அரித்தது. இப்போதுதான் நினைவு வந்தது. ஒரு மாதம். பிறகு ஒரு காலையில் நின்றுபோனது. அப்படி ஒரு நிம்மதி. அதன்பிறகு பரு இல்லை, வெடிப்பு இல்லை, கொசுகூடக் கடித்ததில்லை. என் தோலை எடுத்துக்கோங்க.

கதவு திறந்தது.

"இருட்டுல என்னடி பண்றே, ஆந்தை மாதிரி?" அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, முன்கையை மேசைமேல் நீட்டினாள். "பாரு. சொறிஞ்ச தழும்பைக்கூடக் காணோம். உன் கை மாதிரியே ஆயிடுச்சு."

அறிக்கையில் 'காணப்பட்டது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தட்டச்சுக் கோடு மின்னி மின்னி நின்றது. சொல்லிவிட வேண்டும். அக்காவை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும். அவள் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றது அவள் வாய். "சுத்தமா இருக்கு."

"நான்தான் சொன்னேனே."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். உடம்பு நிம்மதியாக இருந்தது. எழுந்திருக்கவில்லை. அவள் கையும் மேசைமேல்தான் கிடந்தது, அக்காவின் கைக்கு ஒரு சாண் தள்ளி, திரையின் வெள்ளை வெளிச்சத்தில்.

மேசைக்கு அடியில் மின்விசிறி நின்றிருந்தது. திரைச்சீலை அசையவில்லை.

அவள் முன்கையின் பூனைமுடிகள் எழுந்தன. ஒன்று. பத்து. பிறகு எல்லாம் சேர்ந்து, சீவிவிட்டதுபோல, அக்காவின் கை இருந்த பக்கம் சாய்ந்தன. அக்காவின் கையிலும் எழுந்து, இந்தப் பக்கம் சாய்ந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் ஈரமாக ஏதோ திறந்தது.

அரிக்கவில்லை. கொஞ்சம்கூட.

ஒரு சாண். அரைச் சாண். நாலு விரல்.

இருவரும் கையை நகர்த்தவே இல்லை.