இரண்டாவது கன்ட்ரோலர்

கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது மதியம் ஒன்றரை மணி. உயிரியல் கேள்வித்தாளை நான்காக மடித்துச் செருப்பு அலமாரியின் மேல் போட்டாள். இனி அதன் முகத்தில் விழிக்கப் போவதில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் வேறு ஊர், கல்லூரி, விடுதி.

வீட்டில் யாரும் இல்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை. ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதித்துவிட்டு ஆறு மணிக்குத்தான் வருவாள். அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் ஒரு மாதம் வந்து போகும் விருந்தாளி. அண்ணன் வெளியூரில் படித்து முடித்து, வேலைக்குப் போய், அந்த ஊரிலேயே தங்கிவிட்டான்.

அவள் நேராக மாடி அறைக்குப் போனாள். பரீட்சை நாட்களை எண்ணச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் கடைசிக் கட்டத்தையும் அடித்தாள். இந்த நாளுக்காகத்தான் ஒரு வருடம் காத்திருந்தாள். பரீட்சை முடிந்ததும் சோறு தண்ணீர் இல்லாமல் விளையாடுவது என்று தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தாள்.

அறை பழசு, வீட்டைப் போலவே. ஒரே ஜன்னல். அலமாரிக்கு முன்னால் டிவி, அதன் அடியில் கேம் பெட்டி, தரையில் இரண்டு மெத்தைத் தலையணைகள். பெட்டியைப் போட்டதும் தூசி சூடாகும் மணம் எழுந்தது. அந்த மணத்துக்கே முன்பெல்லாம் அவள் வயிற்றில் ஒரு குறுகுறுப்பு வரும்.

வரவில்லை.

திரையில் கூரைகள் வந்தன. ஒரு கூரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். மஞ்சள் சட்டை அவள். சாம்பல் சட்டை இரண்டாம் ஆள். அண்ணன் இருந்தவரை மஞ்சள் அவனுடையது, சாம்பல் அவளுடையது. அவன் விடுதிக்குப் போன பிறகு அவள் மஞ்சளானாள். "ஆள் இல்லன்னா ரெண்டாவத கம்ப்யூட்டரே ஆடும்" என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனான். அப்படியே ஆடியது. அவள் தவறி விழுந்தால் கூரை விளிம்பில் நின்று காத்திருக்கும். காத்திருக்கும்போது இரண்டு முறை குதிக்கும். அவளும் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் கிளம்பும். அவள் அதைச் சாம்பல் என்றே கூப்பிட்டாள். பள்ளியில் யாரிடமும் வாய் திறக்காதவள், சாம்பலிடம் எல்லாம் சொன்னாள்.

பதினோரு நிமிடம் விளையாடினாள். பசி அடங்கிய பிறகு பரிமாறிய சோறு மாதிரி இருந்தது. கை தானாகத் தாவியது. மனம் வேறெங்கோ நின்றது. இதற்காகவா அத்தனை அழுகை, அத்தனை அடம்?

"போரடிக்குதுப்பா" என்று வாய்விட்டே சொல்லிப் பெட்டியை அணைத்தாள்.

அணைக்கும்முன் சாம்பல் இரண்டு முறை குதித்தது. அவள் பதிலுக்கு அழுத்தவில்லை.

மூன்று மணிக்கு வாண்டு வருவாள். சித்தி மகள், ஒன்பது வயது, இரண்டு தெரு தள்ளி வீடு. பரீட்சை முடிந்ததும் பெட்டியை அவளுக்கே தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அவளிடம் ஏதாவது சாக்குச் சொல்லி நாற்பது நாள் விளையாடிவிட்டுத் தரலாம் என்று நினைத்தது போய், இன்றே கட்டிக் கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஒயர்களைக் கழற்ற அலமாரியை நகர்த்தினாள். இந்த வீட்டில் அதை யாரும் நகர்த்தியதே இல்லை. "கை வைக்காத, கரண்ட் அடிக்கும்" என்பது அண்ணன் போட்ட சட்டம்.

முதல் கன்ட்ரோலரின் ஒயர் பெட்டியின் பின்னால் செருகியிருந்தது.

இரண்டாவதின் ஒயர் அலமாரிக் காலில் கட்டியிருந்தது.

நன்றாக இறுக்கி, இரண்டு முடிச்சு. இழுத்தால் எங்கோ செருகியிருப்பது போலவே விறைப்பாக நிற்கும். நுனியை அளவாக வெட்டிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தான் அண்ணன். டேப் காய்ந்து உரிந்திருந்தது.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு காது சூடானது. அண்ணனோடு கத்திக் கத்தி விளையாடிய அந்த ஒரு வருடம், "சூப்பர் பூனை, தாவு பூனை" என்று அவன் அவள் முதுகில் தட்டியது எல்லாமே நாடகம். அவள் ஒரு தடவைகூடத் தாவவில்லை.

பிறகுதான் பெட்டியின் பின்புறத்தைச் சரியாகப் பார்த்தாள். கன்ட்ரோலர் செருகும் இடம் ஒன்றுதான் இருந்தது. இது ஒருவர் ஆடும் பெட்டி.

இரண்டாவது கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள்.

சூடாக இருந்தது. வியர்த்த கை இப்போதுதான் கீழே வைத்தது போல, கொஞ்சம் ஈரமாகவும்.

சட்டென்று கீழே போட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"பூனை! பரீட்சை முடிஞ்சுதா? எப்படி எழுதின?"

"அண்ணா, ரெண்டாவது கன்ட்ரோலர் ஒயர் எங்க செருகியிருக்கு?"

சிரிப்பு வந்தது. ஆனால் கொஞ்சம் தாமதமாக. "கண்டுபிடிச்சிட்டியா? எட்டு வருஷம் ஆச்சேடி மக்கு!"

"எட்டு வருஷமா என்னை மடச்சி ஆக்கி வச்சிருந்திருக்க."

"எல்லா அண்ணனும் பண்றதுதான். நானும் ஆடணும், நானும் ஆடணும்னு நீ என் உயிரை வாங்கின. வெறும் கன்ட்ரோலரைக் கையில குடுத்தேன், வாய மூடின."

"சரி. அப்போ சாம்பல ஆட்டினது யாரு?"

"கம்ப்யூட்டர்தான்."

"பின்னால ஒரே ஓட்டைதான்ணா இருக்கு. இதுல ரெண்டாவது ஆளே கிடையாது."

அண்ணன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"நீ இப்போ எங்க நிக்கிற?"

"மாடில."

"பெட்டிய அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேன். போரடிச்சிருச்சு."

"அங்க நின்னுக்கிட்டு அப்படிச் சொல்லாத." அது கிசுகிசுப்பாக வந்தது. "சொல்லாத பூனை."

அவள் முதுகுக்குப் பின்னால், தரைப்பக்கமாக, பட்டன் அழுந்தும் சத்தம் கேட்டது.

டக். டக்.

அவள் திரும்பவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பெட்டி நாம குடிவந்தப்பவே அந்த அலமாரில இருந்துச்சு" என்றான் அண்ணன்.

"அப்பா கப்பல்லேர்ந்து கொண்டு வந்ததுன்னு சொன்ன."

"அப்படிச் சொன்னாத்தான் அம்மா வச்சுக்க விடுவாங்க." "எனக்கும் பன்னெண்டாவதுலதான். ஒருநாள் திடீர்னு ருசி விட்டுப்போச்சு, மூட்டை கட்டி வச்சிட்டேன். அன்னைலேர்ந்து படிக்க உக்காந்தா மேசைக்கு அடில அந்தச் சத்தம். அரையாண்டுல எல்லாப் பாடத்துலயும் கோட்டை விட்டேன், ஞாபகம் இருக்கா? திரும்ப ஆட உக்காந்தா நின்னுடும். அதுக்கு வேற ஒண்ணும் வேணாம். பக்கத்துல ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

"அதுக்கு என்னை உக்கார வச்ச."

"நீதானே ஆடணும்னு அழுத!"

"எனக்கு ஒன்பது வயசுண்ணா."

"உனக்கு என்ன ஆச்சு இப்போ? சந்தோஷமாதானே இருந்த?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அண்ணனிடமிருந்து ஒரு புது விளையாட்டு வரும். கார், பந்து, படகு. எல்லாவற்றிலும் இரண்டாம் ஆள் சாம்பல் நிறம்தான். எல்லார் வீட்டுப் பெட்டியும் அப்படித்தான் போலும் என்று இருந்துவிட்டாள். போன் செய்தால் அவன் முதலில் கேட்பது, "இன்னும் விளையாடுறியா?" வந்தால் ஒரே ஒரு இரவு, கூடத்தில் படுக்கை. மாடி ஏறமாட்டான். வேலைக் களைப்பு என்று அம்மா சொல்லுவாள்.

அத்தனையையும் அவள் பாசம் என்று நினைத்திருந்தாள்.

"அழாத. வழி இருக்கு" என்றான். "அந்த வாண்டுக்கு என்ன வயசு இப்போ?"

"ஒன்பது."

"நீ அப்போ இருந்த அதே வயசு" என்றான் அண்ணன், கணக்குக்கு விடை வந்துவிட்டது போல. "பெட்டிய அவகிட்ட குடுத்துரு. முதல் நாள் மட்டும் பக்கத்துல உக்காந்து பழக்கிவிடு. நீ நிம்மதியா காலேஜுக்குப் போகலாம்."

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

அவள் ஓடிப்போய்ப் படிக்கட்டின் கடைசிப் படியில் வழிமறித்து நின்றாள். வாண்டு பெரிய துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, முகம் இப்படி இருக்கு? ஃபெயிலா?"

"வாய மூடு வாலு. பெட்டி ரிப்பேர் ஆயிடுச்சு. தர முடியாது."

"பொய்."

"நிஜமாடி. புகை வந்துச்சு."

வாண்டு தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள். "ரிப்பேர்னா அப்போ மாடில யாரு ஆடறது?"

மேலே அது நிதானமாக அழுத்திக்கொண்டிருந்தது.

டக். டக்.

"ஃபேன்" என்றாள் அவள்.

"தர மனசில்லன்னா நேரா சொல்லேன். எதுக்கு ஏமாத்தற? வருஷம் பூராவும் தரேன் தரேன்னுட்டு..." வாண்டுவின் உதடு நடுங்கியது. "உன்கூட காய். சாகற வரைக்கும் காய்." பையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சைக்கிள் மணி கோபமாகத் தெருமுனைவரை அடித்துக்கொண்டே போனது.

அவள் அண்ணனை மறுபடி அழைத்தாள். ஒரு பொய் சொல்லிப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. அவன் ஒரே ஒரு தடவை வேறு மாதிரி பேசினால் போதும்.

"வாண்டு வந்தா. குடுத்துட்டேன்."

"அப்பாடா!" என்றான். நீளமான மூச்சு. "நல்ல புள்ள. சரி, பாஸானா என்ன வேணும்னு யோசிச்சு வை."

வாண்டுவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அவள் போனை வைத்துவிட்டுப் படி ஏறினாள்.

வெயில் ஜன்னல் வழியாகப் பாதி அறைவரை விழுந்திருந்தது. பெட்டியின் ஒயர் சுவரிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. எப்போது கழற்றினாள் என்று அவளுக்கு நினைவில்லை. டிவி மட்டும் எரிந்தது. கூரை விளிம்பில் சாம்பல் சட்டை தனியாக நின்றது. இரண்டாவது தலையணை நடுவில் குழிந்திருந்தது.

அவள் முதல் தலையணையில் உட்கார்ந்தாள். எட்டு வருடப் பழக்கம், உடம்பு தானாக மடங்கியது.

"எனக்கு இனிமே இது வராது" என்றாள் மெதுவாக. "உன்மேல கோபம் இல்ல. நான் வளர்ந்துட்டேன், அவ்வளவுதான்."

டக். டக்.

"வாண்டு வரமாட்டா. வேற யாரையும் கூட்டிட்டு வரவும் மாட்டேன்."

சத்தம் நின்றது. வியர்த்த பிளாஸ்டிக் மணம் மெல்ல அருகில் வந்தது. பிறகு அவள் இடது தோளில் ஏதோ சாய்ந்தது.

ஒரு தலையின் கனம். சின்னத் தலை.

வாண்டுவின் தலை அளவு.

கத்த வாய் திறந்தால் கத்தல் வரவில்லை. அழுகைதான் வந்தது. எட்டு வருடமாக அவள் அழுகைக்கெல்லாம் பக்கத்தில் இருந்தது இதுதானே.

"உன்கிட்ட சொல்லாம கொள்ளாம முதல்ல போனது நான் இல்ல" என்றாள். "என்னை உன் பக்கத்துல உக்கார வச்சிட்டு நழுவினவன் அவன். என்னையும் ஏமாத்தினான், உன்னையும் ஏமாத்தினான்."

தோளில் கனம் அசையாமல் கேட்டது.

அவள் அண்ணனுடைய தெருவைச் சொன்னாள். கட்டடம், மாடி, கதவு எண். சின்னப் பிள்ளைக்கு வழி சொல்வது போல ஒவ்வொன்றாக, இரண்டு தடவை.

தோள் லேசானது. டிவி அணைந்தது. தலையணையின் குழி மெல்ல மேலெழுந்து நிமிர்ந்தது.

அன்று மாலை அம்மா வந்து, "என்னடி, அந்த டப்பாவத் தொடவே இல்லையா? அதிசயமா இருக்கே" என்றாள். "பிடிக்கலம்மா" என்றாள் அவள். அது உண்மைதான்.

மறுநாள் காலை எட்டரைக்கு அண்ணன் அழைத்தான். அவள் படுக்கையிலிருந்தே எடுத்தாள்.

"பூனை, பெட்டி வாண்டுகிட்டதானே இருக்கு?"

"ஏன்ணா?"

"சும்மா கேட்டேன். காலைல சாப்பிட உக்காந்தேன், அதான்..." குரல் காய்ந்திருந்தது. அவன் பேச்சுக்குப் பின்னால், மேசைக்கு அடியிலிருந்து வருவது போல அது கேட்டது.

டக். டக்.

"என்ன சத்தம் அது? உன் பக்கமா?" என்றான் அவசரமாக. "உன் பக்கம்தானே? சொல்லு பூனை."

"இல்லண்ணா. உன் பக்கம்."

போர்வைமேல் இருந்த அவளுடைய வலது கட்டைவிரல், அவளைக் கேட்காமலே இரண்டு முறை அழுந்தியது.

மறுமுனையில் உடனே பதில் வந்தது. டக். டக்.