சத்தமில்லாத திருநாளில் ஓலெக்

ஹலீனாவின் குடும்பம் போலந்திலிருந்து பாலித் தீவுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பெரிய திருவிழா வந்துவிட்டது.

முதல் நாள் மாலை ஊரே அதிர்ந்தது. மூங்கிலாலும் காகிதத்தாலும் செய்த பூதங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு இளைஞர்கள் ஆடினார்கள். பக்கத்து வீட்டு அஸ்தினி தகர டப்பாவைத் தட்டித் தட்டி நெளித்தே விட்டாள். ஹலீனாவும் கை வலிக்கத் தட்டினாள். நாளைக்கு இதைவிட ஜோராக இருக்குமா என்று கேட்டாள்.

அஸ்தினி சிரித்தாள். "நாளைக்கு நியெபி. விளக்கு ஏத்தக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, வாசலைத் தாண்டக் கூடாது. யாரும் சத்தமே போடக் கூடாது."

ஹலீனா நம்பவில்லை. ஆனால் மறுநாள் விடிந்தபோது தெருவில் ஈ காக்கை இல்லை. வானத்தில் விமானம்கூடப் பறக்கவில்லை. இத்தனை பேரும் சேர்ந்து ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொள்ள முடியுமா! அவளுக்கு வியப்பு தாங்கவில்லை.

பத்து மணிக்கு அவள் தம்பி ஓலெக் எழுந்தான். இரண்டு வயது. வெளியே கூட்டிப்போகச் சொல்லி வீறிட்டான்.

அப்பா கைபேசியில் பொம்மைப் படம் போடப் பார்த்தார். இணையத்துக்கும் அன்று விடுமுறை. அம்மா வாழைப்பழம் கொடுத்தார். அது பறந்துபோய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

வாசலில் நிழலாடியது. கட்டம் போட்ட வேட்டி கட்டிய ஊர்க்காவலர் எட்டிப் பார்த்தார். உதட்டில் விரல் வைத்தார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

ஹலீனாவுக்குத்தான் அழுகை முட்டியது. ஊரே சேர்ந்து காக்கும் அமைதியைத் தங்கள் வீடு மட்டும் கெடுக்கிறதே.

தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அவன் காதில் கிசுகிசுத்தாள். "ஓலெக், கேளு. யாரோ பேசுறாங்க."

ஓலெக் விக்கலோடு நிறுத்தினான். கூரையில் ஒரு பல்லி கத்தியது. அவன் விரல் நீட்டினான். அப்புறம் ஒரு காய்ந்த இலை விழுந்தது. இந்த முறை ஹலீனா முந்திக்கொண்டாள். யார் முதலில் கேட்பது என்று இருவருக்கும் போட்டியாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஓலெக் தெற்கே கை காட்டினான். ஹலீனா காதைத் தீட்டிக்கொண்டாள். தூரத்தில் ஏதோ இரைந்தது. காற்றா? மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லையே.

கடல்!

மூன்று மாதமாக மோட்டார் சைக்கிள் இரைச்சலுக்கு அடியில் ஒளிந்திருந்த கடல். ஹலீனாவுக்குச் சிலிர்த்தது. அதைக் கேட்டுக்கொண்டே ஓலெக் அவள் மடியில் தூங்கிப்போனான்.

மறுநாள் அஸ்தினி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "உன் தம்பி ஏன் கச்சேரியைப் பாதியிலேயே நிறுத்திட்டான்? எங்களுக்குப் பொழுதே போகலடி."

ஹலீனா வெட்கத்தோடு சிரித்தாள். கடல் சத்தம் கேட்டதா என்று விசாரித்தாள்.

"கேக்காம? வருஷத்துல ஒரு நாள்தானே நம்ம வீடு வரைக்கும் வருது. அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருப்போம்."

ஹலீனா உள்ளே ஓடி நாட்காட்டியைப் புரட்டினாள். அடுத்த நியெபிக்கு இன்னும் முந்நூற்றுச் சொச்சம் நாள் இருந்தது.